கைஜூவின் பெயர்: ஜப்பானியப் பொம்மை நினைவெழுத்தும் தமிழாக்கச் சிக்கல்களும்

ஜப்பானில் 1966ஆம் ஆண்டில் ஒரு சாண் உயர வினைல் பொம்மைகளைக் கையில் வைத்து விளையாடிய சிறுவர் இன்று அறுபது வயதைத் தொட்டவரும் கடந்தவருமாவர். அவர்களுள் ஒரு சாரார் அதே பொம்மைகளைத் தேடி மீண்டும் வாங்குகின்றனர். வாங்குவதோடு அமையாமல் அவற்றைப் பற்றி எழுதவும் செய்கின்றனர். சேகரிப்பாளர் இதழ்கள், பட்டியல் நூல்கள், கண்காட்சிக் குறிப்புகள், தன்வரலாற்றுச் சிறுகட்டுரைகள் எனப் பல வடிவங்களில் இவ்வெழுத்து பெருகியுள்ளது. இதனை இலக்கியமெனக் கொள்வார் சிலரே. எனினும் மொழிபெயர்ப்பாளர்க்கு இது எளிதில் கடந்து போகத்தக்க களம் அன்று. பார்வைக்கு எளிய உரைநடை. அச்சமூட்டும் கலைச்சொல் எதுவும் இல்லை. மொழிபெயர்க்கத் தொடங்கிய பிறகே ஒவ்வொரு பெயரிலும் கால் இடறுகிறது.

இவ்வெழுத்தைத் தொடர்ந்து படிப்பவர் ஒன்றை உணர்வர். தொலைக்காட்சிக் கதை மங்கியிருக்கும். எந்த வாரத்தில் எந்தச் சண்டை என்பது குழம்பியிருக்கும். பொம்மையின் பெயர் மட்டும் அடைமொழியோடும் ஒலியோடும் சிதையாமல் நிற்கும். இந்நினைவெழுத்தின் உயிர்நிலை பெயரே என்பதும், ஆங்கிலத்தின் வழியாகத் தமிழுக்கு வரும்போது முதலில் சிதைவது அப்பெயரே என்பதும் ஈண்டு எடுத்துக்காட்டப்பெறும்.

பொம்மையும் பெயரும்

1954 நவம்பரில் இஷிரோ ஹோண்டா இயக்கிய 'கொஜிரா' திரைக்கு வந்தது. தந்திரக் காட்சிகளை அமைத்தவர் எய்ஜி சுபுராயா. ஆங்கிலம் 'காட்ஸில்லா' எனத் திரித்து வழங்கிய பெயர் இதுவே. ஆயினும் பொம்மை அலை எழுந்தது திரையரங்கினால் அன்று, வீட்டுத் தொலைக்காட்சியினால். சுபுராயாவின் நிறுவனம் 1966 ஜனவரியில் 'உல்ட்ரா கியூ' தொடரையும் அவ்வாண்டு ஜூலையில் 'உல்ட்ராமேன்' தொடரையும் தொடங்கியது. வாரந்தோறும் ஒரு புதிய விலங்கு. மாருசான் என்னும் பொம்மை நிறுவனம் அவ்விலங்குகளை மென்வினைலில் வார்த்து விற்றது. 1968இல் மாருசான் நொடித்தது. அங்குப் பணியாற்றியோர் 1969இல் புல்மார்க் நிறுவனத்தைத் தொடங்கினர். 1977இல் அதுவும் மறைந்தது. பின்னர் பண்டாய் இத்துறையைத் தன்வயப்படுத்திக்கொண்டது. இவ்வளவே வணிக வரலாறு.

செய்முறை இதைவிடச் சுவையானது. கூழ்நிலையிலுள்ள வினைலை உலோக அச்சினுள் ஊற்றிச் சூடான எண்ணெயில் அமிழ்த்துவர். அச்சின் உட்சுவரை ஒட்டிய படலம் மட்டும் கெட்டிப்படும். எஞ்சிய கூழைக் கொட்டிவிட்டு மீண்டும் சூடேற்றி, வினைல் இளகிய பதத்தில் இருக்கும்போதே குறடால் பற்றி அச்சின் குறுகிய வாய் வழியே இழுத்தெடுப்பர். தலையும் உடலும் கைகால்களும் இவ்வாறு தனித்தனியே பிறந்து பின்னர் ஒன்று சேரும். அதன்மேல் வண்ணம் தெளிக்கப்பெறும். உள்ளே வெற்றிடமாதலின் பொம்மை கனமற்றது. சுவரில் மோதினாலும் உடையாது. 'ஸோஃபுபி' என்று இதனை ஜப்பானியர் அழைப்பர். மென்மை, வினைல் என்னும் பொருளுடைய இரண்டு ஆங்கிலச் சொற்களை ஜப்பானிய ஒலிப்பில் ஏற்று, அவற்றின் தலைகளை மட்டும் வெட்டி ஒட்டிய சொல் இது.

இப்பொம்மைகள் திரையில் கண்ட விலங்குகளைப் போன்றிருக்கவில்லை என்பது கருதத்தக்கது. 'உல்ட்ரா கியூ' கறுப்பு வெள்ளைத் தொடர். ஒப்பிட்டுப் பார்க்கச் சிறுவனிடம் நிறமே இல்லை. பொம்மை செய்தவர்கள் பச்சை, ஆரஞ்சு, நீலம் எனத் தம் விருப்பப்படி தெளித்தனர். முகமும் கொஞ்சம் கொழுகொழுவென்று, அச்சத்தைவிட அன்பையே தூண்டுவதாக அமைந்தது. உருவம் பொருந்தாத இப்பொருளைத் திரையின் விலங்கோடு பிணைத்தது எது? உறையின் மேலட்டையில் அச்சிட்டிருந்த பெயரே. பெயர் சொன்னதும் பச்சைப் பொம்மை கொமோராவாகிவிடும். குழந்தையின் கையில் பெயரே ஒப்புமையின் வேலையைச் செய்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்பெயர் மறவாமல் நிற்பதில் வியப்பில்லை.

அரக்கனும் அல்ல, பூதமும் அல்ல

'கைஜூ' என்னும் சொல் சீனத்திலிருந்து வந்தது. 'மலை கடல் நூல்' எனத்தக்க பழஞ்சீன நிலநூலிலேயே காணப்படுவது. 'கை' என்பது விந்தை, வழக்கத்துக்கு மாறானது. 'ஜூ' என்பது விலங்கு. ஆங்கிலம் இதனை 'மான்ஸ்டர்' என்றது. அச்சொல்லின் இலத்தீன் வேரில் எச்சரித்தல் என்னும் பொருள் உண்டு. இயற்கை பிறழ்ந்த பிறப்பைத் தீநிமித்தமாகக் கண்ட பழைய நோக்கு அதில் தங்கியுள்ளது. கைஜூ நிமித்தம் அன்று, விலங்கு. ஆங்கிலத்தை மட்டும் பார்த்துத் தமிழாக்குவோர் மான்ஸ்டரிலிருந்து அரக்கனுக்குச் செல்வர். கைஜூவிலிருந்து இரண்டாம் படியில் விலகியாயிற்று.

இவ்விலகல் சொல்லளவில் நிற்பதன்று. 'உல்ட்ரா கியூ', 'உல்ட்ராமேன்' தொடர்களின் விலங்குகளை வடிவமைத்த சிற்பி தோரு நரிதா தமக்குத் தாமே சில வரம்புகளை விதித்துக்கொண்டார். உள்ள விலங்கை அப்படியே பெரிதாக்குவது கூடாது. தலைகளையும் கைகால்களையும் பெருக்கிக் காட்டுவது கூடாது. அது கைஜூ அன்று, பேயுரு. உடல் சிதைந்து குருதி ஒழுகும் அருவருப்புத் தோற்றமும் கூடாது. (பிற நிறுவனங்களை இவ்வரம்பு கட்டுப்படுத்தவில்லை, 1964இல் தோஹோ நிறுவனம் படைத்த கிங் கிதோராவுக்கு மூன்று தலைகள்.) நரிதா விலக்கியவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் தமிழன் 'அரக்கன்' என்றதும் காணும் உருவமே எழுந்து வரும். பத்துத் தலை, இருபது கை, கோரைப்பல், குருதி படிந்த வாய். படைத்தவர் தவிர்க்க முயன்ற உருவத்தை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லால் மீட்டுக்கொண்டு வருகிறார்.

'பூதம்' இன்னும் சிக்கலானது. ஐம்பெரும் பூதத்தில் அது அடிப்படைப் பொருள். சிலப்பதிகாரத்தின் புகாரில் அது நாற்சந்தியில் நின்று அறம் காக்கும் தெய்வம். குழந்தைகள் கதையில் அலாவுதீனின் விளக்கிலிருந்து வெளிப்படும் ஏவலாள். இவற்றுள் எதுவும் விலங்கு அன்று. 'பூச்சாண்டி' பெரியோர் வாயில் மட்டும் வாழ்வது, அதற்கு உருவமில்லை, உருவமில்லாமையே அதன் வலிமை. கைஜூவோ நேர்மாறானது. உயரமும் எடையும் எண்ணாகக் குறிக்கப்பெற்றது. கொமோரா 40 மீட்டர், 20,000 டன். ரெட் கிங் 45 மீட்டர், 20,000 டன். ஷோஜி ஓத்தோமோ 1968இல் வெளியிட்ட கைஜூப் படநூல், இவ்விலங்குகளின் வயிற்றைப் பிளந்து உள்ளுறுப்புகளுக்குப் பெயரிட்டுக் காட்டியது. அச்சுறுத்த வந்ததைச் சிறுவர் பாடம்போல் மனனம் செய்தனர்.

சமயச் சாயலுடைய சொற்களைப் பொம்மைக்குச் சூட்டினால் என்ன நேரும் என்பதற்கு ஆங்கில உலகிலேயே சான்றுண்டு. 1990இல் மாட்ச்பாக்ஸ் நிறுவனம் 'மான்ஸ்டர் இன் மை பாக்கெட்' என்னும் சிற்றுருவப் பொம்மைகளை வெளியிட்டது. முதல் வரிசையில் 48 உருவங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆற்றலைக் குறிக்கும் மதிப்பெண். டிராகுலாவோடும் ஓநாய் மனிதனோடும் காளியும் அவ்வரிசையில் வைக்கப்பெற்றாள். இந்துக்களிடமிருந்து எதிர்ப்பு எழுந்தது. இதனை மத உணர்வு புண்பட்ட செய்தியாக மட்டும் காண்பது போதாது. 'மான்ஸ்டர்' என்ற ஒரே தலைப்பின்கீழ் இறந்த நம்பிக்கையின் உருவமும் வாழும் நம்பிக்கையின் உருவமும் சேர்த்துக் கட்டப்பட்டன; அது மொழியில் நேர்ந்த வகைப்பாட்டுப் பிழை. ஒரு பெயர் நம்பிக்கையிலிருந்து முற்றும் விடுபட்ட பின்னரே பொம்மையாக முடியும். தமிழில் அரக்கனும் அசுரனும் பூதமும் இன்னும் அவ்வாறு விடுபடவில்லை. கோயில் விழாக்களில் அவர்கள் ஆண்டுதோறும் வருகின்றனர்.

கதைகளை நோக்கினால் இச்சிக்கலின் கூர்மை விளங்கும். 'உல்ட்ராமேன்' தொடரின் 23ஆம் பகுதியில் ஜமிரா என்னும் கைஜூ வருகிறது. அது முன்னர் மனிதன். விண்வெளிக்கு அனுப்பப்பெற்று, நீரற்ற கோளில் கைவிடப்பட்ட விண்வெளி வீரன். அங்கு உருமாறிப் பூமிக்குத் திரும்பி, தண்ணீரால் கொல்லப்படுகிறான். இப்பகுதியை இயக்கிய அகியோ ஜிஸ்ஸோஜி, எழுதிய மமோரு சசாகி ஆகியோரின் பரிவு முழுதும் அவன் பக்கமே. ஜமிராவுக்குக் கழுத்து இல்லை. தோள்களும் தலையும் ஒரே மேடாக இருக்கும். சட்டையின் கழுத்துப் பகுதியை நெற்றிவரை இழுத்து மாட்டிக்கொண்டு ஜமிராவாக நடித்தது அத்தலைமுறைச் சிறுவர் பலர்க்கும் பொதுவான நினைவு. இக்கைஜூவை 'அரக்கன்' என்று எழுதுவது பிழை மட்டுமன்று; கதையில் அவனைக் கைவிட்டவர்களின் பக்கம் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து நிற்பதாகும். மனிதர்க்கு உதவ முன்வந்து உயிரைவிடும் சிறு விலங்கு பிக்மொன்னுக்கும் இது பொருந்தும்.

தமிழில் நெருங்கி வரும் உருவம் யாளியே. பல விலங்குகளின் கூறுகள் ஓருடலில் அமைந்தது. கோயில் தூணில் நின்றாலும் வழிபடப்பெறாதது. ஆயினும் யாளி ஓர் இனத்தின் பெயர். பொதுப்பெயராக அதனை நீட்டினால் கல்தூண்தான் கண்முன் நிற்கும். பொருளளவில் 'விந்தைவிலங்கு' சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது. தனித்து வரும்போது 'கைஜூ' என்றே எழுதி, அடைமொழிக்குள் வரும்போது 'விலங்கு' என ஆக்குவது தக்கது. 2013இல் வெளிவந்த 'பசிபிக் ரிம்' திரைப்படத்திற்குப் பின் ஆங்கிலமே இச்சொல்லைப் பரவலாகக் கடன்கொண்டுவிட்டது. தமிழில் 'கைஜூ' எழுத்து வடிவில் கையை நினைவூட்டும். கையில் பிடித்து விளையாடும் பொருளுக்கு இத்தற்செயல் ஊறு செய்யாது.

ஒலியை நிலைநிறுத்திப் பொருளை மாற்றும் விளையாட்டு ஜப்பானியரிடமே உண்டு. 2022இல் வெளிவந்த 'ஷின் உல்ட்ராமேன்' திரைப்படம் 'கைஜூ' என்னும் அதே ஒலிப்பைத் தீங்கு, வல்லமை, விலங்கு எனப் பொருள்படும் மூன்று சீன எழுத்துகளால் எழுதிக் காட்டியது. காதுக்கு ஒன்று, கண்ணுக்கு வேறொன்று. ஒலியெழுத்து முறையுடைய தமிழில் இதற்கு ஈடு இல்லை.

அடைமொழியும் ஒலியும்

கைஜூவின் முழுப்பெயர் ஈருறுப்புடையது: முன்னே சீன எழுத்தில் அடைமொழி, பின்னே கதகானா எழுத்தில் தனிப்பெயர். அடைமொழி பொருளுடையது, தனிப்பெயர் பெரும்பாலும் ஒலி மட்டும். ஆங்கிலச் சேகரிப்பாளர் எழுத்து பெரும்பாலும் அடைமொழியை உதிர்த்துவிட்டுத் தனிப்பெயரை மட்டும் நிறுத்துகிறது. இது பெரிய இழப்பு. சங்க நூல்களின் குறிப்புகளில் பயின்றோர்க்கு இவ்வமைப்பு புதிதன்று. 'ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன்' என்பதில் அடை ஒரு செயலைச் சொல்லும். பெயர் ஆளைச் சுட்டும். தமிழ் இவ்வமைப்பை வலிந்து கொள்ள வேண்டியதில்லை. அது கையிருப்பில் உள்ளது. தொல்விலங்கு கொமோரா, மண்டையோட்டு விலங்கு ரெட் கிங், உருத்தோன்றா விலங்கு நெரோங்கா, நட்புடை அருவிலங்கு பிக்மொன் என்பன மூலத்தின் அடைமொழிகளை ஏறக்குறைய முழுமையாகத் தருகின்றன. பால்டன் கோளினனின் அடைமொழியான 'விண்வெளி நிஞ்சா' இக்காலத் தமிழ்ச் சிறுவர்க்கு விளக்கமின்றியே விளங்கும்.

ரெட் கிங் பற்றி ஒரு சொல். இப்பெயரை மொழிபெயர்த்துச் 'செவ்வேந்தன்' என்று எழுதும் ஆவல் எழலாம். திரையில் அவ்விலங்கு சிவப்பன்று. ஆங்கிலச் சொற்கள் இங்கு ஒலியின் மிடுக்குக்காகவே எடுக்கப்பெற்றுள்ளன. அடைமொழியை மொழிபெயர்த்தலும் பெயரை ஒலிபெயர்த்தலும் என்னும் பொதுநெறி இங்கும் காக்கிறது.

ஒலிபெயர்ப்பில்தான் தமிழின் உண்மையான இடர் தொடங்குகிறது. ஜப்பானியத்தில் அதிரொலி பெருமை, கனம், முரட்டுத்தன்மை ஆகியவற்றையும், அதிராவொலி சிறுமை, இலேசு ஆகியவற்றையும் உணர்த்தும். ஒலிக்குறிப்புச் சொற்களில் இது வெளிப்படை. சிறுகல் உருள்வதைக் குறிக்கும் சொல் அதிராவொலியில் தொடங்கும். பாறை உருள்வதைக் குறிப்பதற்கு அதன் தொடக்கத்தை மட்டும் அதிரச் செய்தால் போதும். இவ்விரு சொற்களையும் தமிழில் எழுதிப் பார்த்தால் முதலாவது 'கொரொகொரொ', இரண்டாவதும் 'கொரொகொரொ'. சிறுகல்லும் பாறையும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

கைஜூப் பெயர்கள் இவ்வுணர்ச்சியை முழுதும் பயன்கொள்கின்றன. கொஜிரா, கமெரா, கொமோரா, கராமொன், தொதொங்கோ ஆகிய அனைத்தும் மூலத்தில் அதிரொலியில் தொடங்குபவை. 1965இல் தாயேய் நிறுவனம் படைத்த ஆமை விலங்கு கமெரா நல்ல எடுத்துக்காட்டு. 'கமெ' என்பது ஜப்பானியத்தில் ஆமை. முதலெழுத்தை அதிரச் செய்ததும் சாதுவான ஆமை மலையளவு விலங்காகிறது. தமிழ் எழுத்தில் ஆமை ஆமையாகவே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்குப் படம் பிடிக்கும் கருவியின் நினைவும் வந்து சேர்கிறது. போக்கிமான் உயிர்களின் ஜப்பானியப் பெயர்களை ஆராய்ந்து ஷிகெதோ கவாஹாராவும் உடனாய்வாளரும் 2018இல் வெளியிட்ட கட்டுரை, பெயரில் அதிர்வொலித் தடையொலிகள் மிகுதோறும், பெயரின் மாத்திரை நீளுந்தோறும், அவ்வுயிரின் பருமனும் எடையும் மிகும் போக்கைப் புள்ளிவிவரத்தால் காட்டியது. சிறுவர் உணர்ந்தது வெறும் மயக்கமன்று.

தமிழில் வல்லெழுத்து மொழிமுதலில் அதிராது, மெல்லெழுத்தை அடுத்து அதிரும், உயிரிடையே நெகிழும். இவ்விதி கைஜூப் பெயர்களுக்குச் சீரற்ற நீதி வழங்குகிறது. நெரோங்கா, குமொங்கா, அங்கிராஸ் ஆகியவற்றில் வல்லெழுத்து மெல்லெழுத்தை அடுத்து வருதலின் மூலத்தின் அதிர்வு தானே கிட்டுகிறது. தொதொங்கோவில் தொடக்கம் தோற்று, இறுதி வெல்கிறது. கொமோராவுக்கு எதுவும் இல்லை. ஜகர எழுத்து மட்டும் விதிவிலக்கு. கொஜிராவின் நடுவெழுத்தும் ஜமிராவின் முதலெழுத்தும் ஜெட்டொன்னின் முதலெழுத்தும் அதனால் பிழைக்கின்றன. வடவெழுத்தை அறவே விலக்க விரும்புவோர் இவ்விடத்தில் சற்றே தயங்குதல் நன்று. ஜப்பானியத்தில் கதகானா செய்யும் வேலையை, அதாவது 'இச்சொல் வெளியிலிருந்து வந்தது' என்று கண்ணுக்கு உணர்த்துவதை, தமிழில் ஜகரமும் ஸகரமும் செய்கின்றன.

மாற்று வழிகள் சில முன்வைக்கப்படலாம். வடமொழித் துதிநூல்களைத் தமிழெழுத்தில் அச்சிடுவோர் ககரத்தின் தோளில் எண்ணிட்டு ஒலி வேறுபாடு காட்டுவர். பொம்மைப் பெயரின் தோளில் எண் ஏற்றினால் நினைவுக் கட்டுரை இலக்கண நூலாகிவிடும். மெல்லெழுத்தைச் செருகி அதிர்வு உண்டாக்குவது பெயரையே மாற்றுவது. தமிழ் வாசகன் வன்மையை அதிர்வில் தேடுவதில்லை; வல்லெழுத்தின் இரட்டிப்பிலும் நெடிலிலும் தேடுகிறான். 'கடகட', 'மடமட' என்பவற்றின் வேகமும் 'கன்னங்கரிய' என்பதன் மிகையும் அவ்வாறு பிறப்பவை. எனவே மூலத்தில் இரட்டிப்போ நெடிலோ உள்ள இடத்தில் அதனைச் சிறிதும் குறைக்காமல் எழுதுவதே செய்யத்தக்கது. 'ஜெட்டொன்' என்பதை 'ஜெடன்' என்று மெலித்தால் எஞ்சியிருந்த வலிமையும் போகும். முதலெழுத்தின் ஒலிப்பை நூலின் தொடக்கத்தில் ஒருமுறை சொல்லிவிடலாம். மற்றதை வாசிப்பவரின் வாய் பார்த்துக்கொள்ளும். 'பஸ்' என்று எழுதியதை யாரும் அதிர்வின்றி ஒலிப்பதில்லை.

பெயரை ஒலிபெயர்க்க வேண்டும் என்னும் நெறிக்குத் தடை எழுப்புவது கனெகொன். 'உல்ட்ரா கியூ' தொடரில் காசாசை பிடித்த சிறுவன் ஒருவன் உருமாறி இவ்விலங்காகிறான். தலை பணப்பை வடிவம். மார்பில் காசுக் கணக்கைக் காட்டும் கருவி. நாள்தோறும் காசு தின்னாவிட்டால் உயிர் தங்காது. 'கனெ' என்பது காசு என ஜப்பானியக் குழந்தை அறியும். பெயர் ஒலி மட்டுமன்று, நகைச்சுவையும் ஆகும். 'நாணய விலங்கு கனெகொன்' என அடைமொழி பொருளை ஓரளவு தாங்குகிறது. 'காசுகொன்' என ஆக்குவது துணிவான வழி; அதனைக் 'காசுகோன்' என நீட்டிவிடுவது தமிழ் நாவுக்கு இயல்பாதலின், காசுக்கு அரசன் என்ற எள்ளலும் இலவசமாகக் கிடைக்கும். இவ்வொரு பெயரில் நெறியை மீறுவது பொருந்தும். பழைய கனெகொன் பொம்மைக்குப் பெரும்பொருள் கொடுக்கும் சேகரிப்பாளர்க்கு இவ்வெள்ளல் புரியாததன்று.

சேகரிப்பின் சொற்கள்

வளர்ந்தோரின் சேகரிப்புச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது பயன்தரும். பழுதற்ற பொம்மையை ஆங்கிலத்தில் 'மின்ட்' என்பர். நாணயச்சாலையிலிருந்து அப்போதே வந்தது போன்றது என்று பொருள். இது காசு சேர்ப்போர் சொல். ஜப்பானியர் மீண்டும் கிடைக்காத பொம்மையை 'ஸெப்பன்' என்பர். அச்சுக்கட்டை இல்லாதொழிந்த நூலுக்குரிய சொல் அது. பழைய அச்சையோ வடிவையோ கொண்டு மறுபடி வார்த்தது 'ஃபுக்கொகு'. மறுபதிப்பு நூலுக்குரிய சொல். முதன்முதல் விற்ற காலத்துப் பொருள் 'தோஜிமொனொ', அக்காலத்துப் பொருள். ஆங்கிலச் சேகரிப்பாளன் பொம்மையை நாணயமாகக் காண்கிறான். ஜப்பானியன் அதை நூலாகக் காண்கிறான். அச்சில் வார்த்த வினைலை நூலின் சொற்களால் பேசுவதில் பொருத்தமும் உண்டு.

தமிழ் இவற்றுள் எதைப் பின்பற்றுவது? விடை ஏற்கெனவே உள்ளது. 1972இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்களைச் சிறுவயதில் படித்தோர் பலர் இன்று பழைய இதழ்களைத் தேடிச் சேர்க்கின்றனர். எது முதற்பதிப்பு, எது மறுபதிப்பு, எதன் அட்டை மாறியது என்பன அவர்களிடையே உயிருள்ள வழக்குகள். 'ஃபுக்கொகு' என்பதற்கு மறுபதிப்பு என்று எழுதினால் தமிழ்ச் சேகரிப்பாளன் பொருளோடு அதன் உணர்ச்சியையும் பெறுவான்: கிடைத்ததே என்ற மகிழ்ச்சியும், இது அதுவன்றே என்ற குறையும். 'மின்ட்' என்பதற்கு நாணயச்சாலையை இழுத்து வருவது வேண்டா. 'கசங்காத' என்னும் சொல்லே பழம்புத்தகக் கடையில் போதுமானதாக இருந்து வருகிறது. வினைல் பொம்மை கசங்காது என்று மறுப்போர் 'உறை பிரிக்காத' என எழுதலாம்.

ஏக்கத்தின் இலக்கணம்

சூசன் ஸ்டுவர்ட் 1984இல் வெளியிட்ட நூலில் நினைவுப்பொருளையும் சேகரிப்பையும் பிரித்துக் காட்டினார். நினைவுப்பொருள் கடந்த காலத்தைச் சுட்டும். சேகரிப்பு காலத்தை அகற்றி வகைப்பாட்டை அங்கு நிறுத்தும். கைஜூ நினைவெழுத்தில் இப்பிரிவு அவ்வளவு திட்பமாக நிற்பதில்லை. வரிசைப்பட்டியலே இங்கு நினைவின் வடிவம். மார்க் நகாடா என்னும் ஜப்பானிய அமெரிக்க ஓவியரின் பொம்மைகள் 2018, 2019ஆம் ஆண்டுகளில் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள ஜப்பானிய அமெரிக்க தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றன. ஜப்பானில் வாழ்ந்த உறவினர் சிறுவயதில் அவருக்கு அனுப்பிய பொம்மைப் பெட்டியிலிருந்து தொடங்கியது அச்சேகரிப்பு. முன்னோர் நாடு அவருக்கு வந்து சேர்ந்தது பெயர் பொறித்த வினைல் உருவங்களாகவே. அங்கே அடுக்குமுறையைக் கலைத்தால் நினைவும் கலைந்துவிடும்.

'நாஸ்டால்ஜியா' என்பது 1688இல் யோஹான்னஸ் ஹோஃபர் வீட்டு நினைவால் வரும் நோய்க்கு இட்ட மருத்துவப் பெயர். தமிழ் 'ஏக்கம்' அந்நோய்ப்பொருளுக்கு அண்மையது. எஸ். பொன்னுத்துரை தம் யாழ்ப்பாண இளமை நினைவுகளுக்கு இட்ட 'நனவிடை தோய்தல்' என்னும் தலைப்பு ஏக்கத்தின் துயரை நீக்கி மூழ்கும் இன்பத்தைத் தருகிறது. கட்டுரைத் தலைப்புக்கு உகந்தது, உரையாடலில் நில்லாது. ஜப்பானியச் சேகரிப்பாளன் கடை அலமாரியில் பழைய கொமோராவைக் கண்டதும் கூவும் 'நத்ஸுகஷீ' என்னும் ஒற்றைச் சொல் வேறு இயல்பினது. பழகி ஒட்டிக்கொள்ளுதல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்த பெயரடை அது. அப்பண்பைப் பொம்மையின் மேலேயே ஏற்றிக் கூறலாம். ஏக்கமோ எப்போதும் ஆளிடம் இருப்பது. 'எனக்கு ஏக்கமாக இருக்கிறது' என்று அக்கூவலைத் தமிழாக்கினால், அலமாரியின்முன் மகிழ்ந்து நிற்பவன் திடீரென்று அழத் தொடங்கியது போலாகும்.

தமிழில் அவ்விடத்தில் எழும் இயல்பான சொல் 'அட, நம்ம கொமோரா!' என்பதே. ஒட்டுதலை இங்கு உளப்பாட்டுத் தன்மை சுமக்கிறது. விற்பவனும் வாங்குபவனும் ஒரே தலைமுறையினர் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. அருகில் நிற்பவள் வாங்குபவனின் மகளாயின் அவன் 'நம்ம' என்னான். 'எங்க காலத்துக் கொமோரா' என்பான். ஜப்பானிய மூலம் யார் அருகில் நின்றார் என்று கூறுவதில்லை. தமிழாக்குபவர் அதனை முடிவுசெய்த பின்னரே அவ்வொரு சொல்லை எழுத இயலும்.